உப்பு ஈரமும் ஒரு பெட்ரோல் தொட்டியும்

உங்கள் வீட்டுச் சமையலறையில் பழைய அலுமினியப் பாத்திரம் ஏதேனும் இருந்தால் அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். உட்புறத்தில், முக்கியமாக அடிப்பாகத்தில், ஊசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள் தென்படும். சில குழிகளைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். வெயிலுக்கு நேராகப் பிடித்தால் ஓரிரு இடங்களில் ஒளி ஊடுருவி வருவதுகூடத் தெரியலாம். உப்போ ஊறுகாயோ போட்டு வைத்த பாத்திரமா என்று அம்மாவைக் கேளுங்கள். பெரும்பாலும் ஆம் என்றுதான் சொல்வார்கள்.

பாத்திரத்தில் துளை விழுந்தால் பெரிய நஷ்டமில்லை. பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாம். ஆனால் அதே துளை, 225 லிட்டர் பெட்ரோல் நிறைந்த ஒரு தொட்டியில், அதுவும் கடலில் செல்லும் படகின் தளத்துக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் விழுந்தால் என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வி அன்று. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் ஃப்ளோரிடாவிலும் 18 அடி முதல் 23 அடி வரை நீளமுள்ள சிறு மீன்பிடிப் படகுகள் ஏராளம். 1970களிலும் 1980களிலும் கட்டப்பட்ட படகுகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவை அவை. நம் கடற்கரையில் 'ஃபைபர் படகு' என்கிறார்களே, அதே பொருள்தான். இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. மரத்தைப் போலப் புழு அரிக்காது. ஐம்பது ஆண்டு ஆனாலும் உடல் உறுதியாக இருக்கும். ஆகவே பழைய படகை மலிவாக வாங்கிப் புதுப்பித்து ஓட்டுவது அங்கே பலருக்கும் பழக்கம். அப்படி வாங்கியவர் முதலில் அஞ்ச வேண்டியது எஞ்சினைக் கண்டு அன்று. எஞ்சின் வெளியே தொங்குகிறது, கழற்றிப் பார்க்கலாம். தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் அலுமினியப் பெட்ரோல் தொட்டிதான் அவருக்கு உண்மையான கவலை.

தொட்டியை ஏன் அங்கே கொண்டுபோய் ஒளித்தார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டி 150 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 225 லிட்டர். பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 740 கிராம். ஆக 166 கிலோ எடை! இரண்டு பெரியவர்களுக்கும் மேல். புறப்படும்போது இருக்கும் இந்த எடை, திரும்பி வரும்போது இல்லை. இதைப் படகின் ஓரத்திலோ மூக்கிலோ வைத்தால் படகு ஒரு பக்கம் சாயும். பெட்ரோல் தீரத் தீரச் சாய்வும் மாறும். நடுவில், முடிந்தவரை தாழ்வாக வைப்பதே சரி. எனவே படகு கட்டும்போது முதலில் தொட்டியை உள்ளே இறக்கிவிட்டு, அதன் மேல் தளத்தை ஒட்டி மூடிவிட்டார்கள். சுவருக்குள் தண்ணீர்க் குழாயைப் பதித்துப் பூசிவிடுவது போல. கட்டுகிறவருக்கு இது சுலபமான வேலை. இருபது ஆண்டு கழித்துப் பழுது பார்க்க வருகிறவரைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

இன்னொன்றும் செய்தார்கள். தொட்டியைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினார்கள். அவை பொங்கி, பல மடங்கு பெருத்து, பாலியூரித்தேன் என்னும் நுரைப் பிளாஸ்டிக்காக இறுகிவிடும். தொட்டி அசையாமல் இருக்க அது அணையாக உதவியது. படகு மிதக்கவும் உதவியது. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் வந்த விதிகளின்படி, 20 அடிக்குக் குறைவான படகுகள் நீர் நிரம்பினாலும் மூழ்காமல் மிதக்க வேண்டும். நுரையின் மிதக்கும் திறன் அதற்கு முன்பே பெயர் பெற்றிருந்தது. 'பாஸ்டன் வேலர்' என்னும் நுரை நிரப்பிய படகை, அதில் உட்கார்ந்தபடியே நடுவில் ரம்பத்தால் அறுத்து, பாதிப் படகில் மிதந்து காட்டினார் அதை உருவாக்கியவர். 1961இல் 'லைஃப்' பத்திரிகையில் அந்தப் படங்கள் வெளிவந்தன. நுரை நல்ல பொருள்தான். அலுமினியத்தோடு சேர்ந்தபோதுதான் சங்கடம் தொடங்கியது.

அலுமினியம் உண்மையில் மிகவும் வேகமாக வினைபுரியும் உலோகம். காற்று பட்டதும் அதன் மேல் அலுமினியம் ஆக்ஸைடு படலம் உருவாகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் நாலைந்து பங்கு கனம்தான் இந்தப் படலம். ஆனால் நெருக்கமானது, உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். கீறிவிட்டால் அந்த இடத்தில் உடனே புதிய படலம் தோன்றும். தொட்டி செய்யப் பயன்படும் அலுமினியத்தில் 2.5 விழுக்காடு அளவுக்கு மெக்னீசியம் கலந்திருக்கும். அந்த உலோகக் கலவையைக் கடல் நீரில் நேராகப் போட்டாலும், நீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை, ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

அப்படியானால் படகுக்குள் இருக்கும் தொட்டி ஏன் ஓட்டையாகிறது? அங்கே கடல் நீர் மிகவும் குறைவு என்பதுதான் வேடிக்கை!

தளத்தின் இடுக்குகள் வழியே தினம் சில சொட்டு உப்பு நீர் கீழே இறங்குகிறது. படகு அலையில் மோதி மோதி அதிர்வதால் நுரைக்கும் தொட்டிக்கும் நடுவே முடியளவு இடைவெளி விழுந்திருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நுண்புழை ஏற்றத்தால் அந்த உப்பு நீர் இடுக்கெங்கும் பரவித் தங்கிவிடுகிறது. வெளியேற வழியில்லை, காயவும் வழியில்லை. அந்த மெல்லிய நீரில் கரைந்திருந்த ஆக்ஸிஜன் சில நாட்களில் செலவாகிவிடும். புதிய ஆக்ஸிஜன் உள்ளே வராது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் ஆக்ஸைடு படலத்தை அங்கங்கே உடைக்கின்றன. வெளியே இருந்தால் படலம் உடனே ஆறியிருக்கும். இங்கே ஆற வழி இல்லை.

உடைந்த இடத்தில் அலுமினிய அயனிகள் கரைந்து வெளிவருகின்றன. அவை நீருடன் வினைபுரிந்து, வெள்ளைப் பசை போன்ற அலுமினியம் ஹைட்ராக்ஸைடாகப் படியும்போது ஹைட்ரஜன் அயனிகளை விடுவிக்கின்றன. அதாவது குழிக்குள் இருக்கும் நீர் அமிலமாகிறது! அமிலம் இன்னும் அலுமினியத்தைக் கரைக்கிறது. அது இன்னும் அமிலத்தை உண்டாக்குகிறது. மின்சமநிலைக்காக மேலும் குளோரைடு அயனிகள் குழிக்குள் இழுக்கப்படுகின்றன. குழியின் வாயை வெள்ளைப் பொடி அடைத்துக்கொள்வதால் உள்ளே நடப்பது வெளியே தெரிவதில்லை. தகட்டின் மற்ற பகுதி புத்தம் புதிதாகப் பளபளத்துக் கொண்டிருக்க, ஒரே இடத்தில் குழி ஆழமாகிக்கொண்டே போகிறது. தகட்டின் கனமோ 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான்.

இதில் ஒரு பித்தளைத் துண்டோ செம்புக் கம்பியோ தொட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் வேகம் பல மடங்காகும். உப்பு நீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம். உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள வோல்டா மின்கலத்தில் துத்தநாகம் கரைகிறது அல்லவா? இங்கே கரைவது அலுமினியம். பூச்சி அரிக்காமலிருக்கச் செம்பு உப்புகளில் ஊறவைத்த பலகையைத் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் உண்டு.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உணவுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளில் மூன்று துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒரு தம்ளர் உப்பு நீரில் அப்படியே போடுங்கள். இரண்டாவதை ஒரு தட்டில் விரித்து, அதே உப்பு நீரில் நனைத்த பஞ்சால் மூடுங்கள். மூன்றாவதையும் அவ்வாறே மூடி, ஆனால் பஞ்சுக்கும் தாளுக்கும் நடுவில், தாளைத் தொடும்படி ஒரு செம்பு அல்லது பித்தளைத் துண்டை வையுங்கள். பஞ்சு காயாமல் தினமும் சில சொட்டு நீர் விடுங்கள். சில நாட்கள் சென்றபின் கழுவிவிட்டு, இருட்டறையில் விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். எந்தத் தாளில் முதலில் ஒளிப்புள்ளிகள் தோன்றுகின்றன என்று குறித்து வையுங்கள்.

சரி, துளை விழுந்துவிட்டது. பெட்ரோல் சொட்டுச் சொட்டாகப் படகின் அடிப்பள்ளத்தில் கசிகிறது. அதனால் என்ன? பெட்ரோல் ஆவி காற்றைவிட 3, 4 மடங்கு கனமானது. மேலே போகாது, அடிப்பள்ளத்திலேயே தேங்கும். 100 பங்கு காற்றுக் கலவையில் 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை ஆவி இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் சுமார் 180 லிட்டர் ஆவி கிடைக்கும். அப்படியென்றால் அரைத் தம்ளர் கூட இல்லாத 50 மில்லி பெட்ரோலிலிருந்து 9 லிட்டர் ஆவி. அதை 1.4 விழுக்காட்டுக் கலவையாகக் கணக்கிட்டுப் பாருங்கள்: 640 லிட்டர் காற்று வெடிமருந்தாகிவிடுகிறது! ஒரு சிறு படகின் தளத்துக்கடியில் உள்ள வெற்றிடம் ஏறக்குறைய அவ்வளவுதான். நீரிறைக்கும் பம்பின் சுவிட்சு தரும் பொறியே போதும். எஞ்சின் உள்ளே பொருத்திய பெட்ரோல் படகுகளில், எஞ்சினை முடுக்குமுன் 4 நிமிடம் காற்றூதியை ஓடவிட வேண்டும் என்று அமெரிக்காவில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். (நம் கரையில் பல சிறு படகுகள் டீசலில் ஓடுகின்றன. டீசல், சாதாரண வெப்பநிலையில் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுவதில்லை. அந்த வகையில் நம் மீனவர்களுக்கு ஒரு கவலை குறைவு.)

இனித் தொட்டியை மாற்றும் வேலைக்கு வருவோம். முதலில் மின்கல இணைப்பைக் கழற்றி, திறந்த வெளியில், கைப் பம்பால் பெட்ரோலை முழுவதும் வெளியேற்றுகிறார்கள். காலித் தொட்டிதானே, இனிப் பயமில்லை என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. பெட்ரோல் நிறைய இருக்கும் தொட்டியின் மேற்பகுதியில் ஆவி மிகுந்தும் காற்று குறைந்தும் இருக்கும், கலவை 7.6 விழுக்காட்டைத் தாண்டிவிடுவதால் எரிய ஆக்ஸிஜன் போதாது. காலியாகிக் காற்று நுழைய நுழையக் கலவை அந்த அபாய எல்லைக்குள் இறங்கி வருகிறது. 'காலி' என்று நம்பிப் பற்றவைக்கப் போய் உயிரிழந்த தொழிலாளர்கள் பல நாடுகளில் உண்டு.

ஆகவே ஆக்ஸிஜனை விரட்ட வேண்டும். இதற்கு உலர் பனிக்கட்டி, அதாவது திண்ம நிலையிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு, ஒரு வழி. ஒரு கிலோ உலர் பனி அறை வெப்பத்தில் ஏறத்தாழ 550 லிட்டர் வாயுவாக விரியும். நமது 225 லிட்டர் தொட்டிக்கு ஒரு கிலோவே இருமுறை நிரப்பும் அளவு. தொட்டியின் வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். அடைத்தால் தொட்டி வெடித்துவிடும். அந்த வாயுவும் கனமானது என்பதால் பள்ளத்தில் தலையை நீட்டுகிறவருக்கு மூச்சுத் திணறும். தீயணைப்புக் கருவியிலிருந்து அதே வாயுவைப் பீய்ச்சினால் என்ன என்று கேட்பீர்கள். கூடவே கூடாது! வேகமாகப் பாயும் பனித் துகள்கள் நிலைமின்னேற்றத்தை உண்டாக்கும். அணைக்க வந்ததே பொறியைக் கொண்டுவரும். தேர்ந்த ஆட்கள் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்துத் தளத்தை வெட்டுதல். ரம்பத்தின் பல் தளத்தின் கனத்துக்கு மேல் ஒரு மயிரிழைகூட இறங்காதபடி ஆழத்தைக் கட்டுப்படுத்தி வெட்டுவார்கள். வெட்டிய பலகையை மறுபடி உட்கார வைக்கச் சுற்றிலும் ஒரு விளிம்பு மிச்சம் இருக்கும்படி கோடு போட வேண்டும்.

தளம் திறந்தாயிற்று, தொட்டி கண்ணுக்குத் தெரிகிறது. அதன் எடை முப்பது கிலோ இருக்கலாம். இரண்டு பேர் தூக்கினால் வந்துவிடாதா? அசையாது. நுரை ஒட்டிக்கொண்டிருக்கிறதே! சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 100 கிராம் அளவு ஒட்டுவிசை என்றே வைத்துக்கொள்வோம். அடிப்பரப்பு மட்டும் 150 பெருக்கல் 75, அதாவது 11,250 சதுர செ.மீ. அதை நேராக மேலே இழுக்க ஒரு டன்னுக்கு மேல் விசை வேண்டும். எனவே பக்கங்களிலுள்ள நுரையை நீண்ட கைரம்பத்தால் அறுத்து நீக்கிவிட்டு, ஒரு முனையில் மட்டும் ஜாக்கி கொடுத்து மெல்ல மெல்ல உயர்த்துகிறார்கள். தபால் தலையை ஒரு மூலையிலிருந்து உரிப்பது போல. ஒரு நேரத்தில் ஒரு கோட்டளவு ஒட்டுதான் விடுபட வேண்டியிருப்பதால் சிறு விசை போதும். வெளியே வந்த தொட்டியின் அடியில் பார்த்தால், ஈரமான நுரை ஒட்டிய இடங்களிலெல்லாம் வெள்ளைப் பொடி. அதைச் சுரண்டினால் குழிகள். சமையலறைப் பாத்திரத்தில் கண்ட அதே காட்சி.

புதுத் தொட்டியை எதில் செய்வது? படகு செய்த அதே கண்ணாடி இழையிலேயே செய்தால் என்ன என்று உங்களில் சிலர் கேட்கலாம். சில பெரிய படகுகளில் அப்படித்தான் செய்திருந்தார்கள். 2004ஆம் ஆண்டு நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களில் பெட்ரோலில் அதுவரை கலந்துவந்த ஒரு பொருளைத் தடை செய்து, பதிலாக எத்தனால் கலந்தார்கள். பழைய பிசின் எத்தனாலில் கரைந்து, எஞ்சின் வால்வுகளில் கருப்புப் பசையாகப் படிந்தது. அதைத் தாங்கும் பிசின்கள் இப்போது உண்டு என்றாலும் பலருக்கு அந்த எண்ணமே போய்விட்டது.

பாலித்தீன் தொட்டி அரிக்கவே அரிக்காது. ஆனால் பெட்ரோலை உறிஞ்சி ஏறத்தாழ 2 விழுக்காடு பெருக்கும். 150 செ.மீ. நீளத்துக்கு அது 3 செ.மீ.! இந்த இடைவெளியை விடாமல் இறுக்கி வைத்தால் தொட்டி புடைத்துத் தளத்தையே தூக்கிவிடும். மேலும் ஆயத்த அளவுகளில்தான் கிடைக்கும். பழைய படகின் குழியோ அந்தப் படகுக்கே உரியது. அதனால் மறுபடியும் அலுமினியத்தையே, சற்றுக் கனமான தகட்டில், எபாக்ஸி வண்ணம் பூசி வைப்பவர்கள் அதிகம். என் எண்ணத்தில் இது தவறான முடிவன்று. தொட்டியைக் கொன்றது பெட்ரோலும் அன்று, கடலும் அன்று. வெளியே போக வழியில்லாத ஈரம். அந்த ஈரத்துக்கு வழிவிட்டால் அதே உலோகம் நெடுங்காலம் உழைக்கும்.

அதனால் புதுத் தொட்டியைவிட அது உட்காரும் படுக்கைக்கே அதிகக் கவனம் வேண்டும். நனைந்த நுரையை அகற்றி, நீரை உறிஞ்சாத பிளாஸ்டிக் பட்டைகளின் மேல் தொட்டியை உட்கார்த்துகிறார்கள். பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே நீர் புகுந்தால் பழைய கதைதான் என்பதால், பட்டைகளைத் தொட்டியோடு நீர்புகாப் பசையால் ஒட்டிவிட வேண்டும். பட்டைகளுக்கு இடையே காற்று ஓடும். விழுந்த நீர் பள்ளத்துக்கு வடியும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதிகள் இதைத்தான் சொல்கின்றன: உலோகத் தொட்டியின் மேற்பரப்பில் நீர் தேங்காமல் வடிய வேண்டும், நுரை மட்டுமே அதற்குத் தாங்கலாக இருக்கக் கூடாது, தாங்கு பட்டைகள் உராயாத, ஈரம் உறிஞ்சாத பொருளாக இருக்க வேண்டும்.

குழாய்களில் ஒரு நுட்பத்தை மட்டும் சொல்கிறேன். பெட்ரோல் வெளியேறும் குழாயைத் தொட்டியின் அடியில் வைக்க மாட்டார்கள். மேற்பக்கத்திலிருந்து உள்ளே இறக்குவார்கள். அடியில் வைத்திருந்தால், குழாய் எங்கே விரிந்தாலும் முழுத் தொட்டியும் காலியாகிவிடும். மேலே வைத்தாலும், ஒருமுறை ஓடத் தொடங்கிய திரவம் வடிகுழாய் முறையில், தானாகவே தாழ்ந்த முனைக்கு இறங்கிக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க ஒரு சிறு வால்வு உண்டு. எஞ்சின் பம்பு இழுத்தால் மட்டும் திறக்கும். இழுப்பு நின்றால் உள்ளிருக்கும் சுருள்வில் மூடிவிடும். பெட்ரோல் ஊற்றும் வாயையும் தொட்டியையும் ஒரு கம்பியால் இணைத்துத் தரையிணைப்புத் தருவதும் கட்டாயம். பாயும் பெட்ரோல் மின்னேற்றம் பெறும் அல்லவா? அந்தப் பாதையின் மின்தடை 100 ஓமுக்குள் இருக்க வேண்டும்.

மூடுமுன் ஒரு சோதனை. வாய்களையெல்லாம் அடைத்து, சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தத்தில் காற்றடைத்து, பற்றவைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். 3 பவுண்டு அற்பம் என்று தோன்றுகிறதா? தொட்டியின் மேற்பரப்பு முழுவதையும் கணக்கிட்டால் 2,300 கிலோவுக்கு மேல் விசை! லாரிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் எந்திரத்தை வைத்தால் தொட்டி உப்பிவிடும். சைக்கிள் பம்பே உத்தமம். கை வலிக்கும், அவ்வளவுதான். அழுத்தமானிக்கு விலையுயர்ந்த கருவியும் வேண்டாம். 3 பவுண்டு என்பது 2.1 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். வளைத்த தெளிவான பிளாஸ்டிக் குழாயில் நீர் ஊற்றி இணைத்தால் அளவுகோலும் ஆயிற்று, பாதுகாப்பும் ஆயிற்று. அழுத்தம் மிஞ்சினால் நீர் வெளியே பீய்ச்சிவிடும்.

சிறிது நேரத்தில் நீர்மட்டம் இறங்கினால் உடனே கசிவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சூரியனை மேகம் மறைத்ததா என்று பாருங்கள். வாயு விதிப்படி, தொட்டிக் காற்று ஒரு பாகை குளிர்ந்தாலே நீர்த்தம்பம் சுமார் 4 செ.மீ. இறங்கும். அதிகாலையிலோ நிழலிலோ சோதிப்பது இதனால்தான்.

கடைசியாகத் தளப் பலகை. முன்பு கட்டியவர் ஒட்டி மூடினார். இப்போது விளிம்பில் ரப்பர்ப் பட்டை வைத்துத் திருகாணிகளால் முடுக்குகிறார்கள். குழாய்கள் சேரும் இடத்துக்கு மேலே கையளவு வட்ட மூடி ஒன்றும் வைக்கிறார்கள். அதைத் திறந்து குனிந்து முகர்ந்து பார்க்கலாம். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கலாம். தொட்டி மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் அந்த மூடியின் உட்புறத்தில் எழுதி வைப்பவர்களும் உண்டு.